நூல் செல்லும் வழி

உடை மானத்தைக் காக்கிறது; உடையின்மேல் தைக்கப்படும் பூவேலை மனத்தை மகிழ்விக்கிறது. மணமகள் அணியும் இரவிக்கையில் கொடியும் மயிலும் விளங்குகின்றன. பள்ளிச் சிறுவனின் சட்டைப் பையில் அவன் பள்ளியின் சின்னம் விளங்குகிறது. இவற்றைக் காண்போர் பூவின் அழகைப் புகழ்கின்றனர். நிறங்களின் பொருத்தத்தை வியக்கின்றனர். பூவாக மாறுவதற்கு முன் அந்த நூல் எவ்வழியே வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. திருப்பூரில் பூத்தையல் நடைபெறும் கூடம் ஒன்றுக்கு அடிக்கடி சென்றுவரும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. அங்கே பூக்களைக் காட்டிலும் நூல் செல்லும் வழியே என் கருத்தை ஈர்த்தது.

கையால் பூத்தையல் செய்யும் பெண்ணை முதலில் பாருங்கள். அவள் ஒரு முழ நூலை ஊசியில் கோத்துக்கொண்டு தைக்கிறாள். தைக்கத் தைக்க நூல் முறுக்கேறுகிறது. உடனே அவள் ஊசியைக் கைவிடுகிறாள், அது நூலில் தொங்கிச் சுழல்கிறது, முறுக்கு அவிழ்கிறது. நூலை மிகுதியாக இழுத்தால் துணி சுருங்கும். தளரவிட்டால் இழை துவளும். எவ்வளவு இழுக்கவேண்டும் என்பதை அவள் அளவுகோல் கொண்டு அளப்பதில்லை. இழுப்பதும் விரல், இழுப்பின் அளவை உணர்வதும் விரல். வேலையும் அறிவும் ஓரிடத்தில் அமைந்திருப்பதால், பிழை தோன்றிய அப்பொழுதே திருத்தமும் தோன்றிவிடுகிறது.

இக்கைத்தொழிலைப் பொறியைக் கொண்டு செய்ய மேனாட்டார் பலர் முயன்றனர். 1828-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜோசுவே ஹெயில்மன் என்பவர் பூத்தையல் பொறி ஒன்றை அமைத்தார். அதன் ஊசிகள் இருபுறமும் கூர்மை உடையவை. காது நடுவில் அமைந்தது. அளவாக வெட்டிய நூலைத் தாங்கிய ஊசிகள், துணியின் இப்பக்கமும் அப்பக்கமும் மாறி மாறிச் சென்றன. கை செய்த வேலையையே அப்பொறி பல ஊசிகளைக் கொண்டு ஒருங்கே செய்தது. 1846-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எலியாஸ் ஹோவே, ஊசியின் கூர்முனைக்கு அருகில் காதை அமைத்து, இரண்டு நூல்களைப் பின்னித் தைக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். 1863-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஐசக் குரோப்லி அம்முறையைப் பூத்தையலுக்குக் கொண்டுவந்தார். அவருடைய பொறியில் நூல் துண்டு துண்டாக வெட்டப்படவில்லை. உருளையிலிருந்து இடையறாது ஓடிவந்தது. அடிநூலைச் சுமந்து சென்ற நாடா சிறு படகைப் போன்றிருந்தது. ஆகவே அப்பொறிக்குச் சிறு படகு என்னும் பொருளுடைய ‘ஷிஃப்லி’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

இடையறாது ஓடும் நூலால் வேகம் பெருகியது. அவ்வேகத்தோடு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. விரலுக்கு அருகில் இருந்த நூல், இப்பொழுது நெடுவழி கடந்து ஊசிக்கு வருகிறது. அவ்வழியில் எங்கே தடை நேர்ந்தாலும், அதன் விளைவு பெரும்பாலும் ஊசியின் முனையிலேயே தெரிகிறது. விளைவைக் கண்ட இடமே குற்றம் பிறந்த இடம் என்று கருதுவது மனிதர் இயல்பு. பூத்தையல் கூடத்தில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இவ்வியல்பினால் வீணாவதே.

இன்றைய பூத்தையல் பொறியைக் கணிப்பொறி இயக்குகிறது. அது நிமிடத்திற்கு 600 முதல் 1000 தையல் வரை தைக்கும். ஊசி ஓரிடத்தில் நின்று மேலும் கீழும் செல்ல, துணியை இறுகப் பற்றிய சட்டம் நாற்புறமும் நகர்ந்து பூவை உருவாக்குகிறது. மேல்நூல், கூம்பு வடிவான கண்டிலிருந்து புறப்படுகிறது. அது சிறு துளைகள் பலவற்றைக் கடந்து, இரண்டு வட்டத் தட்டுகளின் இடையே புகுகிறது. சுருள்வில் ஒன்று அத்தட்டுகளை நெருக்குவதால் நூலுக்கு வேண்டிய இறுக்கம் உண்டாகிறது. தொழிலாளர் இதனை டென்ஷன் என்பர். பின்னர் மேலும் கீழும் அசையும் நெம்புகோல் ஒன்றின் துளை வழியாகச் சென்று ஊசியின் காதை அடைகிறது. துணிக்குக் கீழே, பாபின் என்னும் சிறு உருளையில் அடிநூல் சுற்றப்பட்டு, ஓர் உறைக்குள் இருக்கிறது.

ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. பிறகு சற்றே மேலெழுகிறது. அப்பொழுது மேல்நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. சுழலும் கொக்கி அக்கண்ணியைப் பற்றிப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. நெம்புகோல் எஞ்சிய நூலை மேலே இழுக்கிறது. இரண்டு நூல்களும் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. ஒரு தையல் முடிகிறது. இவ்வளவும் ஒரு நொடியில் பத்து முறையேனும் நிகழ்கின்றன. கண்ணியாக விரிந்தும், மீண்டும் மேலே இழுக்கப்பட்டும், நூல் துணியில் நிலைபெறுவதற்குள் ஊசியின் காதில் பல முறை உராய்கிறது. ஆதலால் அக்காதில் மயிரிழை அளவு பிசிறு இருந்தாலும் நூல் நைந்து அறுந்துவிடும்.

மேல்நூலும் அடிநூலும் எதிரெதிரே நின்று வடம் இழுக்கும் இரு அணியினரைப் போன்றவை. இருவர் வலிமையும் பொருந்தியிருந்தால் பின்னல் துணிக்குள்ளேயே மறைந்து நிற்கும். பூத்தையலில் மட்டும் மேல்நூலின் நிறம் அழகாகத் தெரியும்பொருட்டு, பின்னல் சிறிதளவு அடிப்பக்கம் சாய்ந்திருத்தல் வேண்டும். நெருங்கத் தைத்த பட்டைத் தையலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு அடிநூலின் வெண்மையும், இருமருங்கிலும் மேல்நூலின் நிறமும் தெரிந்தால் இழுப்பு சரியாக இருக்கிறது என்று அறியலாம்.

இவ்விழுப்பு மாறும்பொழுது தோன்றும் குறிகள் வியப்புக்கு உரியவை. துணியின் அடியில் நூல் சிக்குண்டு கொத்தாகக் குவிகிறது என்று வைத்துக்கொள்வோம். காண்போர் உடனே, “அடியில் கோளாறு” என்பர், பாபினைக் கழற்றுவர், உறையின் திருகைத் திருப்புவர். ஆயினும் சிக்கு நீங்காது. காரணம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. மேல்நூல் தட்டுகளின் இடையே சரியாகப் புகாவிட்டால் அதற்கு இறுக்கம் இராது. இறுக்கமற்ற நூலை நெம்புகோலால் மேலே இழுத்து நிறுத்த முடியாது. அஃது அடியிலேயே தங்கிச் சிக்காகிறது. வீட்டில் வைத்துத் தைக்கும் சிறு பொறிகளில், துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தினால் தட்டுகள் விலகும், தாழ்த்தினால் நெருங்கும். ஆகவே பாதத்தை உயர்த்திய பிறகே நூல் கோக்கவேண்டும். பாதம் தாழ்ந்திருக்கும்போது கோத்த நூல் தட்டுகளுக்குள் செல்லாமல் வெளியே கிடக்கும். மேலே செய்த அச்சிறு செயல் அடியில் பெருஞ்சிக்காக வெளிப்படும்.

இதற்கு மாறாக, துணியின் மேற்புறத்தில் அடிநூலின் வெண்மை எட்டிப் பார்ப்பதும் உண்டு. மேல்நூல் மிகுதியாக இறுகியிருந்தால் இவ்வாறு ஆகும். அடிநூல் தளர்ந்திருந்தாலும் ஆகும். பாபின் உறையின் மெல்லிய தகட்டின் கீழ்த் தூசு ஒரு துகள் புகுந்தாலே அடிநூல் தளர்ந்துவிடும். அடிநூலைப் பிடித்து உறையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் இஃது எளிதில் விளங்கும். உறை தானே வழுக்கி விழலாகாது. கையை மெல்ல உதறினால் சிறிது இறங்கி நின்றுவிடவேண்டும். வழுக்கி விழுமாயின் திருகைத் தொடுவதற்கு முன் தூசைத் துடைக்கவேண்டும்.

நூல் அறுவதற்குரிய காரணங்கள் இன்னும் பல. ஊசி வளைந்திருக்கலாம்; முனை மழுங்கியிருக்கலாம்; திசை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். வழுவழுப்பான ரேயான் நூலும் பாலியஸ்டர் நூலும் கண்டிலிருந்து சரிந்து, அடிப்பக்கத்தில் சுற்றிக்கொள்ளலாம். வெயில் படும் இடத்தில் நெடுநாள் கிடந்த நூல் வலிமை இழந்திருக்கலாம். ஒரே இடத்தில் அளவுக்கு மிஞ்சிய தையல்களை அடுக்குமாறு பூவின் அமைப்பே தவறாக இருக்கலாம். இத்தனை காரணங்களும் ஒரே குறியைத்தான் காட்டுகின்றன: நூல் அறுகிறது. குறி ஒன்று, காரணம் பல. ஆகையால் குறியை மட்டும் கண்டு மருந்து கொடுப்பவர் பெரும்பாலும் தோற்கிறார்.

தேர்ந்த தொழிலாளர் இந்நிலையில் கைக்கொள்ளும் முறை மிக எளியது. அவர்கள் முதலில் எந்தத் திருகையும் தொடுவதில்லை. மேல்நூலை முழுவதும் உருவிவிட்டுக் கண்டிலிருந்து மீண்டும் கோக்கின்றனர். பெரும்பாலான தொல்லைகள் அதனாலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் ஊசியை மாற்றுகின்றனர். அது செலவு குறைந்த செயல். அதன்பின் பாபின் இருக்கும் இடத்தைத் தூரிகையால் துப்புரவு செய்கின்றனர். வாயால் ஊதுவதில்லை, ஊதினால் ஈரம் சேரும், தூசும் உள்ளே செல்லும். இவை யாவும் செய்து பார்த்த பிறகே இறுக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றுகின்றனர். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுவது அவர்கள் விதி. மூன்றை ஒருசேர மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எம்மருந்தால் தீர்ந்தது என்பது தெரியாமற் போகும். மறுமுறை அந்நோய் வரும்போது மீண்டும் இருளில் தடவ நேரிடும்.

இம்முறையின் அருமையை நான் நன்குணர்ந்தது ஒரு மாலைப் பொழுதில். நான் கூறிய கூடத்தில் பன்னிரண்டு தலைகள் உடைய பெரிய பொறி ஒன்று இருக்கிறது. தலை என்பது தைக்கும் உறுப்பு. ஒவ்வொரு தலையிலும் பல நிற நூல்களுக்கெனப் பல ஊசிகள் உண்டு. பன்னிரண்டு தலைகளும் பன்னிரண்டு துணிகளில் ஒரே பூவை ஒருங்கே தைக்கும். ஏதேனும் ஒரு தலையில் நூல் அறுந்தால் போதும். பொறி அதனை உணர்ந்து முழுவதும் நின்றுவிடும். ஓர் இழை அறுவதால் பன்னிரண்டு துணிகளின் வேலையும் தடைப்படும்.

அன்று தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அனுப்பவேண்டிய பின்னலாடைகளில் சின்னம் தைத்துக்கொண்டிருந்தனர். ஐந்தாம் தலையில் நூல் அடிக்கடி அறுந்தது. அத்தலையைக் கவனித்துவந்தவள் இருபது வயதும் நிரம்பாத ஒரு பெண். நூல் அறுந்தபோதெல்லாம் அவள் விரைந்து கோத்தாள்; பொறி ஓடிற்று; மீண்டும் நின்றது. மேலாளர் வந்தார். “மற்றத் தலைகள் ஒழுங்காக ஓடவில்லையா? உன்னிடம் மட்டும் ஏன் அறுகிறது? இன்று வீணான நேரத்தை உன் கூலியில்தான் பிடிக்கவேண்டும்” என்று கடிந்தார். அப்பெண் மறுமொழி கூறவில்லை. அவள் தந்தை நோயுற்று வேலையின்றி இருந்தார் என்பதையும், அவள் கூலியே அக்குடும்பத்தின் உணவு என்பதையும் அங்கிருந்தோர் அறிவர்.

சிறிது நேரத்தில் பொறி பழுது பார்க்கும் பெரியவர் வந்தார். அனைவரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்பர். அவர் பொறியைத் தொடவில்லை. முதலில் அப்பெண்ணைப் பார்த்து, “அம்மணி, எந்த ஊசியில் அறுகிறது? எல்லா நிறத்திலுமா, ஒரே நிறத்திலா?” என்று கேட்டார்.

“சிவப்பு நூலில் மட்டும் அறுகிறது, மாஸ்டர். மூன்று நாட்களாக இப்படித்தான். மற்ற நிறங்களில் ஒருமுறைகூட அறவில்லை” என்றாள் அவள். ஒரு பழைய அட்டையை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு முறை அறுந்தபோதும் எந்த நிறம் என்று குறித்து, அதற்கு நேராகக் கோடு இட்டிருந்தாள். கோடுகள் யாவும் சிவப்பின் எதிரிலேயே இருந்தன.

பெரியவர் முகம் மலர்ந்தது. அவர் மேலாளரிடம் கூறினார்: “எல்லாத் தலைகளிலும் அறுந்தால் நூலையோ பூவின் அமைப்பையோ வேகத்தையோ ஐயுறவேண்டும். ஒரு தலையில் எல்லா ஊசிகளிலும் அறுந்தால், அவை அனைத்திற்கும் பொதுவான கொக்கியையும் பாபினையும் பார்க்கவேண்டும். ஒரு தலையில் ஓர் ஊசியில் மட்டும் அறுந்தால், அந்த ஒரு நூலின் வழியைப் பார்த்தால் போதும். பாதி வேலையை இந்தப் பெண் செய்துவைத்திருக்கிறாள், ஐயா.”

பின்னர் அவர் ஐந்தாம் தலையின் சிவப்புக் கண்டையும் ஆறாம் தலையின் சிவப்புக் கண்டையும் இடம் மாற்றினார். பொறி ஓடியது. மீண்டும் ஐந்தாம் தலையிலேயே அறுந்தது. ஆறாம் தலையில் அறவில்லை. “நூல் நல்ல நூல்தான்” என்றார். புதிய ஊசி பொருத்தினார், அப்பொழுதும் அறுந்தது. “ஊசியிலும் குற்றம் இல்லை” என்றார். அடுத்து, பஞ்சை மெல்லியதாகத் திரித்து, நூல் செல்லும் துளைகள் ஒவ்வொன்றிலும் இழுத்துப் பார்த்தார். ஒரு துளையில் பஞ்சு சிக்கியது. அத்துளை சற்றே சாய்ந்திருந்தமையால் நூல் நடுவே ஓடாமல் ஓரத்தில் உராய்ந்து, அங்கே கூரிய பள்ளம் ஒன்றை உண்டாக்கியிருந்தது. கிணற்றுக் கயிறு கல்லைத் தேய்ப்பதுபோல், மெல்லிய நூல் இரும்பைத் தேய்த்திருந்தது. தேய்ந்த இரும்பு பின்பு அந்நூலையே சிதைத்தது. பெரியவர் தம் சிறு பெட்டியிலிருந்து வேறொரு துளைத்தகட்டை எடுத்து நேராகப் பொருத்தினார். அதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது. அதன்பின் அன்று சிவப்பு நூல் அறவே இல்லை.

கூலியில் பிடிக்கும் பேச்சை மேலாளர் மீண்டும் எடுக்கவில்லை. கடிந்தது தவறு என்றும் கூறவில்லை. ஆனால் அடுத்த முறை நான் சென்றபொழுது, ஒவ்வொரு பொறியின் அருகிலும் ஒரு சிறு கரும்பலகை தொங்கியது. எந்தத் தலையில், எந்த ஊசியில், எத்தனை முறை நூல் அறுந்தது என்பதைத் தொழிலாளரே அதில் எழுதிவந்தனர்.

அப்பெண்ணுக்கு நேர இருந்த இழப்பை எண்ணிப் பாருங்கள். நூல் அறுந்தது அவள் கண்ணெதிரே. ஆகவே பழியும் அவள்மேல் விழுந்தது. குற்றமோ அவள் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு சிறு துளையில் ஒளிந்திருந்தது. அவள் மூன்று நாட்களாக உண்மையின் பெரும்பகுதியை அறிந்திருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. பெரியவரின் திறமை அவர் கையில் இருந்த கருவியில் மட்டும் இல்லை. முதலில் கேட்ட கேள்வியிலும் இருந்தது. பொறிக்கு மிக அருகில் இருப்பவரே அதன் போக்கை மிகுதியாக அறிவர். அவரைக் கேளாமல் பழிப்பது கொடுமை மட்டும் அன்று, அறியாமையும் ஆகும்.

பொறிகளின்மேல் மக்கள் கொண்ட பித்தைக் கண்டித்த காந்தியடிகள், 1924-ஆம் ஆண்டில் இராமச்சந்திரன் என்னும் மாணவரோடு உரையாடியபோது, தையற்பொறிக்கு விலக்கு அளித்தார். பொறியைவிட மனிதனே முதன்மையானவன் என்பதும், பொறிகளைச் செய்யும் தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் நிலை நன்றாக அமையவேண்டும் என்பதும் அவர் கருத்து. நூல் அறும்போது மனிதரை முதலில் பழிக்காமல் வழியை முதலில் ஆராயும் கூடம், அக்கருத்தைப் போற்றும் கூடமாகும்.

சிக்கல் என்னும் சொல் நூலுக்கும் வாழ்க்கைக்கும் பொதுவாக நம் மொழியில் வழங்குகிறது. நோயைத் தெரிந்துகொள்வதோடு அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது திருவள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் ஒரு மாணவன் பின்தங்குகிறான் என்றால், தேர்வுத்தாளில் தெரிவது அறுந்த முனை மட்டுமே. இரவில் விளக்கு இல்லாமை, கண்பார்வைக் குறை, முன் வகுப்பில் விட்டுப்போன பாடம் என்று நூல் நைந்த இடம் எங்கேனும் இருக்கலாம். வீட்டில் ஒருவர் சினந்து பேசினால், அச்சொல் பிறந்த இடம் வேறொரு துன்பமாக இருக்கலாம். அறுந்த முனையை மீண்டும் மீண்டும் முடிச்சிடுவதால் பயன் இல்லை. கண்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துளையாகப் பார்த்துவருதல் வேண்டும். எளியதை முதலில் பார்க்கவேண்டும், ஒவ்வொன்றாக மாற்றவேண்டும், அருகில் இருப்பவரைக் கேட்கவேண்டும். பொறுமையோடு இவ்வழி செல்வோர் கையில் பெரும்பாலான சிக்கல்கள் அவிழும். குற்றமற்றவர் பழியிலிருந்து காக்கப்படுவர்.